கணினி மீட்புக் குழு

ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அதைக் கழற்றிப் பிரித்துவிடுவதுதான் மனித அறிவின் உச்சம் என்று நான் துணிந்து சொல்வேன். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து பார்வையிடலாம். ஒரு சனிக்கிழமை, ஒரே பகலில், நிபுணர் உதவி ஏதுமின்றி, குறிப்பாக அந்தக் கணினியில் தினமும் வேலை செய்கிறவளின் உதவி கொஞ்சமும் இன்றி, எங்கள் ஆண்கள் ஒரு கணினியை மீட்டெடுத்தார்கள். அந்த வரலாற்றை எழுதிவைக்காமல் நான் கண்ணை மூடிவிட்டால் வருங்காலம் என்னைச் சும்மா விடாது.

கணினி என் மருமகளுடையது. அதாவது, அவள் சம்பளத்தில் வாங்கியது, அவள் வேலை செய்வது, அவளே தூசு துடைப்பது. மற்றபடி அது குடும்பச் சொத்து.

மருமகள் கட்டட வரைபடம் போடுகிறவள். வீட்டில் இருந்தபடியே ஒரு கட்டடக் கலைஞருக்கு வரைந்து கொடுக்கிறாள். சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையெல்லாம் திரையில் மயிரிழைக் கோடுகளாக இழுப்பாள். ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். அதில் வரைந்தவர் பெயர் வரவேண்டும். இத்தனை வருடங்களாக அதில் வந்தது அந்தக் கலைஞரின் பெயர்தான். இந்த முறை, ஊரில் சிறுவர் நூலகம் ஒன்று கட்டுவதற்குப் பொதுப் போட்டி அறிவித்திருந்தார்கள். அடுப்புக்கும் சம்பள வேலைக்கும் நடுவில் மிச்சம் பிடித்த நேரத்தில், மாதக்கணக்காக உட்கார்ந்து, அவள் தன் பெயரிலேயே ஒரு படம் வரைந்துவிட்டாள். குழந்தைகள் படுத்துக்கொண்டே படிப்பதற்குச் சாய்வான தரை எல்லாம் வைத்திருந்தாள். வேலை முடிந்தது. அனுப்பவேண்டியது மட்டும் பாக்கி. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போட்டியை மூடுகிறார்கள்.

சனிக்கிழமை காலை பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்து நின்றது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவள் குனிந்து அந்த இரண்டு வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.

அந்த ஆபத்தான தருணத்தில்தான் என் மகன் உள்ளே வந்தான்.

"இரு, இரு. எதையும் தொடாதே."

"தொடலைங்க. படிக்கறேன். 'வெளியிலேர்ந்து செருகியிருக்கறதை...'"

"அதெல்லாம் அவன் சும்மா போடறது. படிச்சா பயம்தான் வரும்."

என் மகன் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறான். அங்கே நாற்காலி, குளிர்சாதனம், அடையாள அட்டை ஆகியவை அவன் பொறுப்பு. ஒரு கணினிக்கு அடியில் எந்த மேஜை போடவேண்டும் என்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே உறவில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். அவனும் முகம் சுளிக்காமல் போய், ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டு, "சாஃப்ட்வேர் பிரச்னை" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுத் திரும்புவான். இப்போதும் அணைத்துப் போட்டான். அதே இரண்டு வரி.

"சாஃப்ட்வேர் பிரச்னை," என்றான்.

"அப்பா," என்று என்னைக் கூப்பிட்டான். "பெரியப்பாவை எழுப்புங்க."

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எங்கள் குடும்பத்து ஆண்கள் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. இது மரபு. தொடங்கிவைத்தவர் அண்ணன். அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பையும் அவர் படித்ததில்லை. படிக்கிறவன் குமாஸ்தா, படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் அதிகாரி என்பது அவர் கொள்கை. அப்படி அவர் கையெழுத்துப் போட்ட பாலம் ஒன்று இன்றைக்கும் ஆற்றுக்குப் பக்கத்து வயலில் கம்பீரமாக நிற்கிறது. தன் பிரிவுபசார விழா வீடியோவைக் காட்டுவதற்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவர், மருமகள் அடுப்படியில் இருந்த நேரத்தில் அவள் கணினியிலேயே போட்டு எங்களுக்குக் காட்டிவிட்டு, எல்லோரும் கேட்டுக்கொண்டதால் இங்கேயே படுத்துவிட்டார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அது வேறு விஷயம்.

அண்ணன் வந்தார். திரையைத் தூரத்தில் இருந்தே, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அலுவலகக் கோப்புகளை அப்படித்தான் பார்ப்பார்.

"இதுக்கு ஒரு குழு போடணும்," என்றார்.

குழு போடப்பட்டது. அண்ணன் தலைவர். மகன் செயலாளர். பக்கத்து வீட்டுக்காரர் தொழில்நுட்ப ஆலோசகர். நான் டார்ச் பிடிப்பவன், அதாவது வெளிச்சத் துறை. மருமகளுக்கும் ஏதாவது பொறுப்பு கொடுக்கவேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் பெருந்தன்மையோடு தேநீர்த் துறையை அவளுக்கு ஒதுக்கிவிட்டார்.

"பெரிய மாமா, நான் அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு அனுப்பணும். ஒரே ஒரு நிமிஷம் அந்த வரியைப் படிச்சுட்டு..."

"அதுக்குத்தானேம்மா நாங்க உக்காந்திருக்கோம். நீ கவலைப்படாம போய் டீ போடு."

பக்கத்து வீட்டுக்காரரை இந்தத் தெருவில் எல்லோரும் "மதர்போர்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையான பெயர் என்னவென்று அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். நீலநிற வெல்வெட் பெட்டியில் திருப்புளிகள் வைத்திருக்கிறார். எந்தக் கருவியைக் காட்டினாலும், கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு" என்பார். எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அப்படித்தான் சொன்னார். கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு காலுறை கிடந்தது. அதனால் அவர் புகழ் குறையவில்லை. காலுறைக்கு அடியில் மதர்போர்டும் போயிருக்கலாம் என்றார்.

வந்ததும் கணினியின் தலையில் கை வைத்துப் பார்த்தார்.

"நேத்து எதுவும் ஆச்சா?"

"நேத்து நல்லாத்தான் இருந்துது அங்கிள்," என்றான் மகன்.

"அதான். நல்லா இருக்கறப்பதான் மதர்போர்டு போகும்."

மேஜைக்கு அடியில் சுவர் ஓரமாக இருந்த பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்கள். என் துறை உடனே செயல்பட்டது. உள்ளே தூசு, வயர், ஒரு பல்லி முட்டை. மதர்போர்டு நினைவகச் சில்லை உருவி எடுத்தார். அதன் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கவேண்டும் என்பது இந்தத் துறையின் ஐதீகம். ரப்பர் கிடைக்காததால் மருமகளின் வரைபலகையில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். தேய்த்தார். மகன் தேய்த்தான். அண்ணன் தலைவர் என்ற முறையில் ஒரு முறை தேய்த்துக் கொடுத்தார். திரும்பச் செருகிப் போட்டபோது கணினி "பீப், பீப்" என்று கத்தியது. திரையில் இப்போது அந்த இரண்டு வரிகூட இல்லை.

"முன்னேற்றம்," என்றார் மதர்போர்டு. "காலையிலேர்ந்து ஊமையா இருந்துது. இப்ப பேசுது பாருங்க."

"என்ன சொல்லுது?" என்று அண்ணன் கேட்டார்.

"வலிக்குதுங்குது."

சில்லு சரியாக உட்காரவில்லை, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்று மருமகள் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு மதர்போர்டு தன் சொந்த யோசனையாக ஒரு அழுத்து அழுத்தினார். கத்தல் நின்றது. அதே இரண்டு வரி திரும்பி வந்தது. எங்களுக்கு அந்த வரிகள் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. மூடியைப் பூட்டியபோது கையில் இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது.

"இது எங்க போகணும்?" என்றான் மகன்.

"எப்பவும் ரெண்டு மிச்சம் வரும். கம்பெனிக்காரன் தாராளமா குடுக்கறான்," என்று மதர்போர்டு அவற்றைத் தன் வெல்வெட் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழு மீண்டும் கூடியது. மேலிடத்தை அணுகுவது என்று முடிவானது. கணினியை விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு மகன் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தான். எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணன் ஒவ்வொரு முறையும் லேசாகத் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். பிறகு ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம் சார். திரையில என்ன வந்திருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

மகன் மதர்போர்டைப் பார்த்தான். மதர்போர்டு திருப்புளியைப் பார்த்தார். அண்ணன் முகம் சிவந்தது.

"யாரும்மா நீ? உனக்கு மேல யார் இருக்கா?"

"சார், எழுத்து வந்திருக்கும் பாருங்க. அதை மட்டும்..."

"என் சர்வீஸ்ல இதுவரைக்கும் யாரும் என்னைப் படிக்கச் சொன்னதில்ல."

"ரெண்டே வரிதான் சார் இருக்கும்."

"ரெண்டு வரியோ இருபது வரியோ, கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா."

மருமகள் அடுப்படி வாசலில் இருந்து ஓடி வந்தாள். "பெரிய மாமா, போனை இப்படிக் குடுங்க, நான் படிக்கறேன்."

"கட் ஆயிடுச்சும்மா," என்றார் அண்ணன். போனுக்குள் "சார், சார்" என்ற குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை நாசூக்காக அணைத்தார்.

"ஏன், அவளைத்தான் கொஞ்சம் பாக்க விடுங்களேன்," என்றாள் என் மனைவி உள்ளே இருந்து. "அவ வேலை செய்யற மிஷின்தானே அது?"

"வேலை செய்யறது வேற, ரிப்பேர் வேற," என்றார் அண்ணன். "சாப்பிடறவங்க எல்லாம் சமைச்சுட முடியுமா?"

இதற்கு என் மனைவி சொன்ன பதிலைச் சரித்திரத்தில் சேர்க்க வேண்டாம் என்று குழு பின்னர் தீர்மானித்தது.

ஆக, கடைசி ஆயுதம்தான் பாக்கி. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கணினியின் ஆத்மா என்றும், பழைய ஆத்மாவை வெளியே அனுப்பிப் புதியதை ஏற்றினால் கணினி மறுபிறவி எடுத்துவிடும் என்றும் மதர்போர்டு விளக்கினார். போன பிறவியின் ஞாபகங்கள் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது அப்படியெல்லாம் கேட்கக்கூடாது. அவர் வீட்டுக்குப் போய், புதிய ஆத்மா அடங்கிய பென்டிரைவ் ஒன்றை எடுத்து வந்தார். பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, செருக இடம் தேடித் தடவினார்.

"இங்க ஏற்கெனவே ஏதோ செருகியிருக்கே," என்றார். பிடுங்கினார். கையில் சின்னதாக ஒரு பென்டிரைவ் வந்தது.

"அட, என்னோடதுதான்," என்றார் அண்ணன். "காலையிலேர்ந்து சட்டைப் பையைத் தடவிட்டே இருக்கேன்." அதை வேட்டி நுனியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய பிரிவுபசார விழா பத்திரமாகக் கிடைத்துவிட்டதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

தேநீர்த் தட்டோடு வந்த மருமகள் அப்படியே நின்றாள்.

"பெரிய மாமா. அதைத்தான் எடுக்கச் சொல்லி காலையிலேர்ந்து கேட்டுட்டு இருக்கு."

"யாரு?"

"கம்ப்யூட்டர். அதுலேர்ந்து ஆரம்பிக்கப் பாத்திருக்கு. ஆரம்பிக்க அதுல ஒண்ணும் இல்ல. அதான் எடுத்துடுங்கன்னு எழுதியிருந்துது."

"சரி, எடுத்தாச்சுல்ல. அப்புறம் என்ன?"

"இப்ப ஒரு தடவை ஆன் பண்ணுங்க. அவ்வளவுதான். ஓடிடும்."

இந்த இடத்தில் குழுவுக்கு நேர்ந்த ஆபத்தை வாசகர்கள் உணரவேண்டும். பொத்தானை அழுத்தியிருந்தால், அவள் சொன்னபடி அது ஓடித் தொலைத்திருந்தால், காலையிலிருந்து பாடுபட்ட ஆண்களின் நிலை என்ன? ரப்பர் தேய்த்தது வீண். திருகாணி மிச்சமானது வீண். ஒரு வரியைப் படித்திருந்தால் போதும் என்ற மிக மோசமான முன்னுதாரணம் அந்த வீட்டில் நிலைத்துவிடும். நாளைக்கு மருந்துச் சீட்டைப் படி, வீட்டுப் பத்திரத்தைப் படி என்று வந்து நிற்பார்கள். நல்லவேளை, தலைவர் தடுமாறவில்லை.

"நடவடிக்கை ஆரம்பிச்சாச்சு," என்றார். "நடுவுல நிறுத்தினா யார் பதில் சொல்றது?"

"பென்டிரைவால எல்லாம் கம்ப்யூட்டர் நிக்காதும்மா," என்றார் மதர்போர்டு. "இது உள்ளுக்குள்ள இருக்கற கோளாறு. என் அனுபவத்துல சொல்றேன்."

"ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்தா பல்லு விழுந்துடுமா?" என்று உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள். குழுவின் காதுக்கு அது எட்டவில்லை.

மருமகள் மகன் பக்கம் திரும்பினாள். அவன் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பொறு. பெரியப்பா மனசு கஷ்டப்படும்," என்றான்.

"என் படம் அதுல இருக்குங்க."

"எங்க போகப் போகுது?"

"வேற எங்கயும் இல்ல. அதுல மட்டும்தான் இருக்கு. தனியா ஒரு டிஸ்க் வாங்கி பேக்கப் எடுத்து வைக்கணும்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன். நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு பேக்கப்னு சொன்னீங்க."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். நான் இருக்கேன்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்க."

என்னுடையது வெளிச்சத் துறை. கொள்கை முடிவுகளில் வெளிச்சத் துறை தலையிடும் வழக்கம் இல்லை. டார்ச்சை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். பட்டப்பகலில் அது எரிவதே தெரியவில்லை என்றாலும், கடமை கடமைதான்.

மதர்போர்டு தன் பென்டிரைவைச் செருகினார். கணினி உயிர் பெற்றது. முதலில் என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எந்த மொழியாக இருந்தாலும் சரி என்று மகன் மேலே இருந்ததை அழுத்தினான். அடுத்து உரிம ஒப்பந்தம் வந்தது. பக்கம் பக்கமாக, பொடி எழுத்தில், ஆயிரக்கணக்கான வரிகள். கீழே ஒரு சின்னக் கட்டம். ஏற்றுக்கொள்கிறேன் என்று அதில் குறி போடவேண்டும். அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை நான் பண்றேன்," என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அவ்வளவு தெளிவை நான் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை படிக்காமல், ஒரே மூச்சில் அடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், கட்டத்தில் குறி போட்டார். கண்ணில் நீர் கோத்தது. அலுவலகத்தை நினைத்துக்கொண்டார் போலும்.

அதற்கடுத்த திரையில் கணினியின் சேமிப்பு வட்டின் பெயரும், அதன் கீழே ஒரு எச்சரிக்கையும், இரண்டு பொத்தான்களும் வந்தன. மருமகள் தட்டை வைத்துவிட்டு எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சத்தமாகவே படித்தாள். "'இந்த வட்டில் உள்ள அனைத்தும்...'"

"என்னடா கேக்குது?" என்றார் அண்ணன் மகனிடம்.

"சரியா, இல்லையான்னு கேக்குது பெரியப்பா."

"'...அனைத்தும் நிரந்தரமாக...'"

"ஒருத்தர் வந்து மரியாதையா சரியான்னு கேட்டா நாம என்ன சொல்லணும்?"

"சரின்னு சொல்லணும்."

"சொல்லு."

மகன் சொன்னான்.

அவள் சுவர்ப் பக்கம் பாய்ந்து மின்வயரைப் பிடித்தாள். "ஐயோ, இப்ப கரண்ட் போனா மதர்போர்டே போயிடும்," என்று மதர்போர்டு அலறினார். மகன் அவள் கையைப் பிடித்து வயரிலிருந்து விடுவித்தான். மிகவும் மென்மையாகத்தான். அவன் நல்ல பையன். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக வளர்ந்தது. சதவீதம் ஏற ஏற, பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவள் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் நின்று கொண்டிருந்தாள்.

கோடு நிறைந்தது. கணினி ஒரு தடவை அணைந்து, பிறகு எழுந்தது. ஆஹா, அந்தக் காட்சியை எப்படி விவரிப்பது. திரை முழுக்க நீலமாக ஒரு ஏரி, பின்னால் ஒரு மலை, மலையில் பனி. கறுப்பு இல்லை, இரண்டு வரி இல்லை, எங்களைப் படிக்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார். மகன் மதர்போர்டைக் கட்டிப்பிடித்தான். நான் டார்ச்சை அணைத்தேன்.

மருமகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வரைகிற மென்பொருள் அதில் இல்லை. படங்களை வைத்திருந்த இடத்தைத் தேடித் திறந்தாள். அங்கே ஒரு வரி மட்டும் வந்தது.

"'இந்தக் கோப்புறை காலியாக உள்ளது,'" என்று படித்தாள்.

அன்றைய தினத்தில் முதல் முறையாக ஒரு வரியை முழுசாகப் படித்து முடிக்க அவளை நாங்கள் அனுமதித்தோம்.

"காலியா இருந்தாத்தான் வேகமா ஓடும்," என்றார் மதர்போர்டு.

"நூலகம் அதுல இருந்துது," என்றாள் அவள்.

"அவ்வளவுதானே," என்றார் அண்ணன். "திரும்ப வரைஞ்சிடும்மா. ஒரு தடவை வரைஞ்ச கை. இன்னும் நல்லா வரும்."

"போட்டி மூட இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு பெரிய மாமா."

"கால் மணி நேரத்துல நான் ஒரு மாவட்டத்துக்கே பட்ஜெட் போட்டிருக்கேன்."

அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்ல ஒரு துணைக் குழு போட்டிருப்போம். எழுந்து போய், வரைபலகையில் அந்தத் தேய்ந்த ரப்பரை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீட்கப்பட்ட கணினியைச் சுற்றி நின்று நாங்கள் ஒரு படம் எடுத்துக்கொள்ள விரும்பினோம். எடுக்க ஆள் தேவைப்பட்டதால் மகன் அவளைக் கூப்பிட்டான். வரவில்லை. அதற்குள் ஐந்து அடித்துவிட்டது.

செய்தி தெருவெல்லாம் பரவியது. இப்போது வாரக்கடைசியில் ஆட்கள் தங்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். குழு எல்லாவற்றையும் ஒரே முறையில் குணப்படுத்துகிறது. வந்ததைவிடக் காலியாகவும் வேகமாகவும் திரும்பிப் போகின்றன. யாரும் குறை சொன்னதில்லை. சொன்னவர்கள் சொன்னதை நாங்கள் படிக்கவில்லை.

மருமகள்தான் ஏனோ இதில் கலந்துகொள்ளவில்லை. தெருமுனையில் தையல் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாகப் புதுக் கணினி வாங்கிப் போட்டு, காலையில் போய் மாலையில் வருகிறாள். அந்தக் கட்டடக் கலைஞருக்கு இப்போது வரைவதில்லை. வலது கீழ் மூலையில் தன் பெயர் போட்டுத்தான் வரைகிறாளாம். வீட்டில் டீயை அவரவரே போட்டுக்கொள்கிறோம். மகனுக்கு மனத்தாங்கல்.

"வீட்ல இவ்வளவு நல்லா ஓடற கம்ப்யூட்டர் இருக்கறப்ப, வெளிய எதுக்குப்பா போறா?" என்று என்னிடம் கேட்டான்.

ஒரு நாள் அவளுடைய புதுக் கணினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று நல்லெண்ணத்தோடு மாடியேறிப் போனான். அவள் வாசலிலேயே நின்று, "உள்ள எல்லாம் ஓடிட்டிருக்கு. வேணாம்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். பெண்களுக்கு நன்றி என்பது குறைவு என்றார் அண்ணன்.

எங்கள் கணினி அதே மேஜையில் அப்படியே இருக்கிறது. அதில் யாரும் எதுவும் செய்வதில்லை. ஆனாலும் பொத்தானைத் தொட்டால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து, ஏரியையும் மலையையும் காட்டிக்கொண்டு, என்ன வேலை என்று கேட்டு நிற்கிறது. அண்ணன் வரும்போதெல்லாம் அதை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லி ரசிக்கிறார். "என்ன சுறுசுறுப்பு பாரு," என்பார். உண்மைதான். உள்ளே ஒன்றுமே இல்லாதவை தொட்ட உடனே தயாராகிவிடும். அந்தச் சனிக்கிழமை, அவள் கூப்பிடுவதற்கு முன்பே நாங்கள் நான்கு பேரும் தயாராகிவிட்டோம்.